கொழும்பில் மாடித்தோட்டம்: சிலாப்பில் ஏறி வருபவர்கள் கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தையில் நாலு மாடிக் கட்டடம் ஒன்றின் சிலாப்பில், அதாவது மேல் கொன்கிறீட் தளத்தில், ஏழு வருடமாக மரக்கறி வளர்க்கிறோம். உடுப்புக் காயப்போட வருபவர், தண்ணீர்த் தாங்கி கழுவ வருபவர், அன்டெனா திருத்த வருபவர் என்று யார் ஏறி வந்தாலும் ஏதாவது கேட்காமல் இறங்குவதில்லை. திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதிவைக்கிறேன். நான் விவசாயம் படித்தவன் அல்ல. செத்த செடிகளிடம் படித்தது கொஞ்சம் உண்டு.

நகரத்துக்கு வேண்டிய சாப்பாட்டை நகரத்திலேயே விளைவிக்க முடியுமா?

முடியாது. இதை முதலே சொல்லிவிட்டால் பிறகு மனவருத்தம் இல்லை. கணக்குப் பாருங்கள். கொழும்பு மாநகர சபை எல்லை சுமார் 37 சதுர கிலோமீற்றர். 2012 குடிசன மதிப்பீட்டில் அதற்குள் இருந்தவர்கள் ஏறத்தாழ 5 இலட்சத்து 60 ஆயிரம் பேர். றோட்டு, கோயில், பேரே வாவி எல்லாவற்றையும் சேர்த்துப் பங்கு பிரித்தாலும் ஆளுக்கு 66 சதுர மீற்றர்தான் வரும். ஒருவர் ஆண்டுக்கு 100 கிலோ அரிசி சாப்பிடுகிறார் என்று வையுங்கள். ஒரு போகத்தில் ஹெக்டயருக்கு 4 தொன் நெல், அதைக் குற்றினால் 65 வீதம் அரிசி என்று பார்த்தால், இரண்டு போகமும் விதைத்தாலும் அந்த ஒருவருக்கு 190 சதுர மீற்றர் வயல் வேண்டும். கொழும்பு முழுவதையும் இடித்து வயலாக்கினாலும் சோற்றில் மூன்றில் ஒரு பங்குதான் தேறும்.

சோற்றை விட்டுக் கறிக்கு வாருங்கள். அங்கே கதை வேறு.

அப்போ எதை நடுவது?

ஒரு நாளில் வாடிப்போவதை வீட்டில் வளருங்கள், மாதக்கணக்கில் கிடப்பதைக் கடையில் வாங்குங்கள். பூசணியும் உருளைக்கிழங்கும் தம்புள்ளயில் இருந்தும் நுவரெலியாவில் இருந்தும் லொறியில் குலுங்கி பேலியகொட மெனிங் சந்தைக்கு வந்து, அங்கிருந்து உங்கள் கடைக்கு வந்தாலும் ஒன்றும் ஆகாது. வல்லாரை அப்படியல்ல. காலையில் பிடுங்கியது பின்னேரம் மஞ்சள் அடிக்கும்.

ஆகவே வல்லாரை, பொன்னாங்காணி, கங்குன், பசளி, கறிவேப்பிலை, ரம்பை, பச்சை மிளகாய், மிஞ்சி என்கிற புதினா. இடம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் கத்தரி, வெண்டி, பந்தலில் பயற்றங்காய். முருங்கையைப் பெரிய பீப்பாயில் வைத்து நெஞ்சு உயரத்தில் வெட்டி வெட்டி விட்டால் காய் வராவிட்டாலும் இலைக்குக் குறைவில்லை.

விதை தேடி அலையவும் தேவையில்லை. சந்தையில் வாங்கிய பொன்னாங்காணிக் கட்டில் இலையைச் சுண்டிவிட்டு, தண்டை நாலு கணு விட்டு முறித்துக் குத்துங்கள். இரண்டு கணு மண்ணுக்குள், இரண்டு வெளியே. ஐந்தாறு நாளில் கணுவில் வெள்ளை வேர் நூல் மாதிரித் தெரியும். கங்குனும் அதே மாதிரித்தான். வல்லாரைக்கு வேரோடு கூடிய ஓடுகொடி வேண்டும், கட்டுக்குள் தேடினால் இரண்டு மூன்று அகப்படும்.

வீடியோவில் சொன்னபடியே செய்தேன். தினமும் தண்ணீர் விட்டேன். எல்லாம் அழுகிவிட்டது. ஏன்?

இதுதான் கொழும்பின் கேள்வி. மற்றதெல்லாம் இதன் பிள்ளைகள்.

நாம் பார்க்கும் மாடித்தோட்ட வீடியோக்களில் பாதிக்கு மேல் தமிழ்நாட்டில் எடுத்தவை. யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த நமக்கும் தோட்டம் என்றால் கிணறு, துலா, வாய்க்கால், தண்ணீர்ப் பஞ்சம் என்றுதான் மனதில் பதிந்திருக்கிறது. கொழும்பில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீற்றர் அளவில் மழை. யாழ்ப்பாணத்தில் விழுவதைப்போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. அதிலும் மே, ஒக்டோபர், நவம்பர் மூன்று மாதத்திலேயே பாதிக்குக் கிட்டக் கொட்டிவிடும். இங்கே செடி தாகத்தில் சாவதைவிட மூழ்கிச் சாவதுதான் கூட.

என் முதல் வருடத்தில் ஊர் முறையில் பாத்தி கட்டினேன். சுற்றிச் செங்கல், அடியில் பொலித்தீன், மேலே மண். தண்ணீர் வீணாகக்கூடாதே என்று பொலித்தீனில் ஒரு ஓட்டைகூடப் போடவில்லை. மே மாதம் மூன்று நாள் மழையில் பாத்தி குளமாகி, மிளகாய்க் கன்றுகள் பச்சையாக நின்றபடியே தலை சாய்த்தன. வாடுகிறதே என்று நான் இன்னும் தண்ணீர் விட்டேன்! வேர் மூச்சுத் திணறினாலும் செடி வாடும் என்று அப்போது தெரியாது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கபில நிறத்தில் கொழகொழத்து, சாக்கடை மணத்தது.

இப்போது எந்தச் சாடியை எடுத்தாலும் முதலில் அடியைப் பார்க்கிறேன். 20 லீற்றர் பெயின்ட் வாளிக்கு அடியில் ஆறு ஓட்டை, அடியோடு ஒட்டிய பக்கச் சுவரில் நாலு ஓட்டை. அடி ஓட்டை சிலாப்பில் படிந்து அடைத்துக்கொள்ளும், பக்க ஓட்டைதான் காப்பாற்றும். வாளியை இரண்டு செங்கலில் தூக்கி வையுங்கள். மண் வாளியின் விளிம்புக்கு நாலு விரல் கீழே நிற்கட்டும். பப்பாசி வைக்க ஆசைப்படுபவர்கள் இதை இரண்டு தரம் வாசிக்கவும். பப்பாசியின் வேர் இரண்டு நாள் தேங்கிய தண்ணீரையே தாங்காது.

பயிர்க் காலத்தையும் மழையை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். தக்காளி, மிளகாய் நாற்றை நவம்பர் கடைசியில் கூரை நிழலில் போட்டு, டிசம்பரில் மாற்றி நட்டால், ஜனவரி, பெப்ரவரி வெயிலில் பூத்துக் காய்க்கும். ஏப்ரலில் நட்ட தக்காளியில் நான் இதுவரை ஒரு குழம்புக்குக்கூடக் காய் எடுத்ததில்லை.

சிலாப் தாங்குமா?

எடை என்றால் எல்லோரும் மண்ணை நினைக்கிறார்கள். நனைந்த மண்ணை நினையுங்கள். ஈர மண் ஒரு கன மீற்றர் 1,700 கிலோ அளவில் வரும். 30 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் பாத்தி கட்டினால் சதுர மீற்றருக்கு 500 கிலோ. வீடுகளின் தளத்தில் ஆட்களும் தளபாடமும் ஏறுவதற்குப் பொறியியலாளர்கள் வழமையாக வைக்கும் கணக்கு சதுர மீற்றருக்கு 150 கிலோ அளவுதான். என் செங்கல் பாத்தியை ஒரு பொறியியலாளர் வந்து பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் தலையில் கை வைத்தார். அடுத்த சனிக்கிழமையே உடைத்தோம்.

தேங்காய்த் தும்புத்தூள் கலந்த கலவை நனைந்தாலும் மண்ணைவிட எடை குறைவு. அந்தக் கலவை நிரப்பிய 20 லீற்றர் வாளி 20 கிலோ அளவில் வரும். சதுர மீற்றருக்கு நாலு வாளி என்றால் 80 கிலோ. நடப்பதற்கும் இடம் மிஞ்சும். பீப்பாய் போன்ற பாரமானவற்றை நடுச் சிலாப்பில் வைக்காமல், கீழே சுவரோ பீமோ உள்ள இடத்துக்கு நேர்மேலே வையுங்கள்.

இன்னொன்று. காய்ந்த இலை போய்ச் சிலாப்பின் வடிகால் துவாரத்தை அடைத்தால், 10 சென்ரிமீற்றர் தண்ணீர் தேங்கினாலே சதுர மீற்றருக்கு 100 கிலோ கூடுகிறது. துவாரத்தின் மேல் கம்பி வலையைக் கூடை மாதிரி வளைத்து வைத்து, மழைக்கு முன் ஒருதரம் கூட்டுங்கள். கட்டடம் பழையது, விரிசலும் துருப்பிடித்த கம்பியும் தெரிகிறது என்றால் பொறியியலாளரிடம் காட்டாமல் ஒரு வாளிகூட ஏற்ற வேண்டாம். அஸ்பெஸ்ரஸ் கூரையில் ஏறவே வேண்டாம்.

சிலாப் இல்லை, பல்கனிதான். காணுமா?

கீரைக்குக் காணும். எந்தத் திசை என்பதுதான் கேள்வி. கொழும்பு பூமத்திய ரேகைக்கு வடக்கே 7 பாகைக்குக் கிட்ட இருக்கிறது. ஏப்ரல் முதல் வாரமளவிலும் செப்டெம்பர் முதல் வாரமளவிலும் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். இடைப்பட்ட ஐந்து மாதம் வடக்குப் பக்கம் சாய்ந்தும், மற்ற மாதங்களில் தெற்குப் பக்கம் சாய்ந்தும் போகும். எனவே வடக்குப் பார்த்த பல்கனிக்கு மே முதல் ஓகஸ்ட் வரைதான் நல்ல வெயில். தெற்குப் பார்த்ததற்கு ஒக்டோபர் முதல் மார்ச் வரை.

கீரைக்கு மூன்று நாலு மணி நேர வெயில், காய்ப்பவற்றுக்கு ஆறு மணி நேரம். எதிரே பத்து மாடி எழும்பிவிட்டால் ரம்பை, வல்லாரை, மிஞ்சி. அவை அரை நிழலைப் பொறுக்கும்.

கடலைப் பார்த்த வீடு. உப்புக் காற்று?

மே தொடக்கம் செப்டெம்பர் வரை தென்மேல் காற்று உப்பை அள்ளி வரும். இலை நுனி கருகினால் அதுதான். பின்னேரம் நல்ல தண்ணீரால் இலையைக் கழுவுங்கள், காற்று வரும் பக்கம் நிழல் வலை கட்டுங்கள். மரைன் டிரைவ் பக்கத்து உறவினர் வீட்டில் பசளி நன்றாக நிற்கிறது, மிளகாய் நிற்கவே இல்லை.

டெங்கு வந்துவிடாதா?

இந்தப் பயம் நியாயமானது. 2017இல் நாட்டில் 1 இலட்சத்து 86 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களுக்கு டெங்கு என்று பதிவானது. நுளம்பு பெருகும் இடம் வைத்திருந்தால் 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடைச் சட்டத்தின்படி வழக்கும் வரும். பி.எச்.ஐ. (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) வந்து வாளியைக் கவிழ்த்துப் பார்த்தால் கோபிக்காதீர்கள், அவர் பார்ப்பது சரிதான்.

சாடிக்கு அடியில் தட்டு வைக்கவே கூடாது. முட்டை பொரித்து நுளம்பாகப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீரை ஊற்றிவிட்டால் போதாது. முட்டை பாத்திரச் சுவரில் ஒட்டி, காய்ந்தும் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். ஆகவே வாரம் ஒருமுறை தேய்த்துக் கழுவ வேண்டும். மழைத் தண்ணீர்ப் பீப்பாய்க்கு நுளம்பு வலையை இறுக்கிக் கட்டுங்கள்.

நான் கவனிக்காமல் விட்டது மூங்கில். பயற்றங்காய்ப் பந்தலுக்கு நட்ட மூங்கில் கம்புகளின் மேல் நுனி வெட்டிய குழாய்தானே? ஒரு காலையில் டோர்ச் அடித்துப் பார்த்தேன். விரல் ஆழத் தண்ணீருக்குள் புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன. இப்போது ஒவ்வொரு கம்பின் வாயிலும் மணலை அடைத்து மேலே சீமெந்து பூசியிருக்கிறோம்.

மண் எங்கே எடுப்பது? முற்றத்து மண் சரியா?

றோட்டோரம் என்றால் வேண்டாம். இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002இல்தான் நின்றது. அதற்கு முன் விழுந்த ஈயம் மண்ணை விட்டு எங்கும் போவதில்லை. பழைய வீட்டுச் சுவர்களின் உதிர்ந்த பெயின்ட்டும் அப்படித்தான். கீரை அதை உறிஞ்சும், இலையில் தூசியாகவும் படியும்.

தும்புத்தூள் நமக்குக் கிடைத்த வரம். உலகத்துக்கே ஏற்றுமதி செய்கிறோம். கட்டியாக வாங்கியதை வாளியில் ஊறவைத்து, வரும் தேநீர் நிறச் சாற்றை மூன்று தரம் வடித்துவிடுங்கள். அதில் உப்பு இருக்கும். பிறகு தும்புத்தூள், கொம்போஸ்ட், நல்ல மண் மூன்றையும் சம அளவில் கலக்கலாம். தும்புத்தூளில் தனியே சத்து ஒன்றும் இல்லை.

சமையலறைக் குப்பையைப் போடலாமா?

போடுங்கள். 2017 ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளில், மீதொட்டமுல்லக் குப்பை மேடு சரிந்து 32 பேர் இறந்தார்கள். நம் நகரக் குப்பையில் அரைவாசிக்கு மேல் மரக்கறித் தோலும் மிஞ்சிய சோறும் மாதிரி உக்கும் குப்பைதான். அன்றிலிருந்து தேயிலைச் சக்கையைக் குப்பைப் பையில் போட எனக்குக் கை வருவதில்லை.

கொழும்பின் ஈரக் காற்றில் கொம்போஸ்ட் உக்குவதைவிட நாறுவது இலகு. ஒரு கோப்பை ஈரக் குப்பைக்கு இரண்டு கோப்பை காய்ந்தது என்று வையுங்கள்: சருகு, கிழித்த பத்திரிகை, தும்பு. மேலே எப்போதும் காய்ந்தது. கையில் எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு துளிக்கு மேல் சொட்டக்கூடாது. மீன் கழிவு போடாதீர்கள். காகமும் பூனையும் உங்களுக்கு முன் தோட்டக்காரர் ஆகிவிடும். சாம்பலை அளவாகப் போடலாம். 2022இல் காஸ் இல்லாமல் விறகில் சமைத்த மாதங்களில் அது தாராளமாகக் கிடைத்தது, வேறு எதுதான் அப்போது கிடைத்தது!

இரசாயன உரம் போட்டால் பாவமா?

பாவம் ஒன்றும் இல்லை. 2021 மே மாதம் இரசாயன உர இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, விவசாயிகள் தெருவுக்கு வந்தபின் நவம்பரில் விலக்கிக்கொண்டார்கள். ஆயத்தம் செய்யாமல் மாறினால் என்ன நடக்கும் என்று நாடே பார்த்தது. அடுத்த வருடம் அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுத்து, வீட்டுத்தோட்டம் செய்யச் சொன்னார்கள்.

என் காரணம் வேறு. சிலாப்பில் போட்ட யூரியா ஒரு மழையில் பீலி வழியே கானுக்கும் கால்வாய்க்கும் போய்விடுகிறது. காசும் போகும், தண்ணீரும் கெடும். கொம்போஸ்ட் சத்தைப் பிடித்துவைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும். இரண்டு வாரத்துக்கு ஒரு கைப்பிடி, கனமழை மாதங்களில் வாரம் ஒரு கைப்பிடி. சந்தேகம் வந்தால் விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்துக்கு எடுத்துக் கேட்கலாம்.

எங்களுக்குக் கொலன்னாவைப் பக்கம் நிலம் உண்டு. தரையிலேயே செய்யலாமா?

செய்யலாம், களனி கங்கையை மறக்காவிட்டால். 2016 மே மாத வெள்ளத்தில் கொலன்னாவையும் வெல்லம்பிட்டியும் எப்படிக் கிடந்தன என்று அங்கிருப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பாத்தியை முழங்கால் உயரத்துக்கு ஏற்றுங்கள், இடையில் ஓடும் வாய்க்கால் வெளிக் கானை நோக்கிச் சரியட்டும். ஏப்ரலுக்குப் பிறகு நாலைந்து வாரத்தில் பிடுங்கிவிடக்கூடிய கீரை மட்டும். வெள்ளம் ஏறி வடிந்த பாத்தியின் கீரையைக் கழுவியும் சாப்பிட வேண்டாம், மலசலகூடத் தண்ணீர் கலந்திருக்கும்.

நிலத்தோடு சேர்ந்து சதுப்பும் இருந்தால் அதை நிரப்பாதீர்கள். ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ் கொழும்பு 2018இல் ஈரநில நகரமாக அங்கீகரிக்கப்பட்டது அழகுக்காக மட்டும் அல்ல. மழைத் தண்ணீர் நிற்க அந்தச் சதுப்பு இல்லாவிட்டால் அது உங்கள் வீட்டில் வந்து நிற்கும்.

சந்தைக் கீரையைவிட நம் கீரை பாதுகாப்பானதா?

எந்தத் தண்ணீரில் வளர்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது. கொழும்பைச் சுற்றி விளையும் கீரைகளில் ஈயம், கட்மியம் உள்ளதா என்று ஆய்வாளர்கள் பலமுறை பார்த்திருக்கிறார்கள், சிலவற்றில் கண்டும் இருக்கிறார்கள். கழிவு ஓடும் கால்வாய்த் தண்ணீரில் நிற்கும் கங்குன் அதில் உள்ளதைத்தான் எடுக்கும். அதற்காகக் கீரைக்காரரைத் திட்ட வேண்டாம், கால்வாயை அழுக்காக்கியது அவர் அல்ல. நாங்கள் மழைத் தண்ணீரும் குழாய்த் தண்ணீரும் பாவிக்கிறோம். 20 சதுர மீற்றர் கூரையில் ஒரு மில்லிமீற்றர் மழை விழுந்தால் 20 லீற்றர். நவம்பரில் அரை மணி நேரத்தில் பீப்பாய் நிரம்பும்.

நத்தை?

பெரிய ஆபிரிக்க நத்தை என்றால் வெறும் கையால் தொடாதீர்கள். அதில் இருக்கும் ஒட்டுண்ணிப் புழு மனித மூளையைப் பாதிக்கக்கூடியது. இரவு டோர்ச்சோடு போய், பையைக் கையுறை மாதிரி மாட்டிப் பிடித்து, உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள். உப்பைப் பாத்தியில் தூவ வேண்டாம். பச்சையாகச் சம்பல் போடும் வல்லாரையை இலை இலையாகக் கழுவ வேண்டியதற்கும் இதுதான் காரணம்.

மண்ணே இல்லாமல் ஹைட்ரோபோனிக்ஸ் செய்தால் என்ன?

சலாது இலை விற்று உழைக்க நினைப்பவருக்குச் சரி. வீட்டுக்கு நான் சொல்ல மாட்டேன். செடிக்கு வேண்டிய சத்துக் கரைசலான அல்பேட் கரைசல் கடையில் கிடைக்கும், வேலையும் சுத்தம். ஆனால் பம்ப் ஓட மின்சாரம் வேண்டும். 2022 மார்ச்சில் ஒரு நாளைக்குப் 13 மணி நேரம் வரை மின்வெட்டு வந்தபோது, பம்ப் நம்பியவர்களின் செடி என்ன ஆகியிருக்கும்? வெயிலில் சூடேறிய தண்ணீரில் ஒட்சிசன் வேறு குறையும். மூடியில்லாத தொட்டி என்றால் நுளம்புக் கதை திரும்பவும் தொடங்கும்.

தொடர்மாடியில் யாரிடம் அனுமதி கேட்பது?

மேல் சிலாப் பொதுவாக எல்லோருக்கும் சொந்தமான பொதுப் பகுதி. முகாமைத்துவக் கூட்டத்தில் எழுத்தில் அனுமதி எடுங்கள். கூட்டத்தில் "தோட்டம் போடப்போகிறோம்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்காராதீர்கள். எத்தனை வாளி, எவ்வளவு பாரம், தண்ணீர் எந்தத் துவாரத்தால் இறங்கும், தண்ணீர்க் கட்டணம் யாருடையது என்று ஒரு தாளில் கீறிக்கொண்டு போங்கள். எங்களை முதல் கூட்டத்தில் மறுத்தார்கள். படம் கீறிக்கொண்டு போன இரண்டாம் கூட்டத்தில் ஒருவர் தவிர எல்லோரும் கை தூக்கினார்கள்.

காசு மிச்சமா?

முதல் வருடம் நட்டம். கீரைக்கும் மிளகாய்க்கும் மட்டும் பார்த்தால் பிறகு கொஞ்சம் மிச்சம். நேரத்துக்குக் காசு போட்டால் எப்போதும் நட்டம்தான், அதை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை.

ஊருக்குப் போனால் யார் தண்ணீர் விடுவார்கள்?

நல்லூர்த் திருவிழாவுக்குப் பத்து நாள் போய்விடுவோம். ஓகஸ்டில் இங்கே மழையும் குறைவு. போகும் முன் காய்ந்த தும்பை ஒவ்வொரு வாளியிலும் இரண்டு விரல் கனத்துக்குப் பரப்பி, வாளிகளைக் கிழக்குச் சுவரோடு நெருக்கி வைத்து, சிலாப் சாவியை நாலாம் மாடி அன்ரியிடம் கொடுப்போம். என் பொலித்தீன் பாத்தி ஒழுகிக் கறை பிடித்தது அவருடைய சீலிங்தான். இரண்டாம் கூட்டத்தில் கை தூக்காத ஒருவரும் அவர்தான். இப்போது ஒரு நாளைக்கு ஒருதரம் ஏறி, வாளிக்குள் விரலைக் குத்திப் பார்த்து, ஈரம் இல்லாததற்கு மட்டும் தண்ணீர் விடுகிறார். கூட விடாதேங்கோ அன்ரி என்று நான் ஒருநாளும் சொல்ல வேண்டி வந்ததில்லை.